ஊடகப் பட்டம்: வரவும் செலவும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், பெற்றோரும் பிள்ளைகளுமாய்ப் பங்கு இல்லத்தின் திண்ணையில் வந்து அமர்வது ஆண்டுதோறும் காணும் காட்சி. நன்னடத்தைச் சான்று வாங்க வருவோர் சிலர். அறிவுரை கேட்க வருவோர் சிலர். அவ்வாறு வந்த ஒரு குடும்பத்தை மறக்க இயலவில்லை. தந்தை லோடு ஆட்டோ ஓட்டுபவர். தாய் வீட்டிலிருந்தே தையல் தைப்பவர். மகன் ஊர்த் திருவிழாவின் தேர்ப்பவனியைக் கைப்பேசியிலேயே படம் பிடித்து, இசை சேர்த்து, ஊரார் மெச்சும்படி வெளியிட்டவன். இளையவள் பத்தாம் வகுப்பு. செவிலியராக வேண்டும் என்பது அவளது விருப்பம்.

"விஸ்காம்தான் படிப்பேன்னு ஒரே பிடியா நிக்கிறான், சாமி. படிச்சா சோறு போடுமா?" என்று தந்தை கேட்டார். தாயின் நகைகளை அடகு வைப்பதென வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தனர்.

அன்புப் பெற்றோரே, சோறு போடுமா என்னும் இக்கேள்வியைக் கீழானதென்று எண்ணலாகாது. கல்வியின் மாண்பு பணத்தால் அளக்கப்படுவதன்று என்பது உண்மையே. ஆயினும், வீட்டிலுள்ள அனைவரின் உழைப்பையும் ஒரு பிள்ளையின் படிப்பின்மேல் வைக்கும்போது, அதன் வரவு செலவைச் சீர்தூக்கிப் பார்ப்பது பேராசையாகாது. அது பொறுப்புணர்வே ஆகும்.

பரந்த துறை, குறுகிய வாயில்

இப்படிப்பு நேற்று முளைத்ததன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1947-ஆம் ஆண்டிலேயே இதழியல் கற்பிக்கத் தொடங்கிற்று. தில்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் 1965-இல் தோன்றிற்று. 1993-இல் சன் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், தமிழ் அலைவரிசைகள் ஒவ்வொன்றாய்ப் பெருகின. அவற்றின் பின்னே காட்சித் தொடர்பியல் துறைகளும் கல்லூரிகளில் பெருகின. 2016-க்குப் பின் கைப்பேசி இணையம் மலிவடைந்தபோது, துணிக்கடையும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும்கூடக் காணொளி கேட்கும் காலம் வந்தது.

ஆகவே வேலை பெருகியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வேலையைச் செய்ய முன்வருவோரும் அதனினும் விரைவாய்ப் பெருகினர். பட்டம் இல்லாதோர்க்கு மருத்துவத்திலும் வழக்குரைஞர் தொழிலிலும் நுழைவு இல்லை. ஊடகத்திலோ அத்தகைய வேலி இல்லை. திறமை உள்ளவன் எப்பட்டம் பெற்றவனாயினும், பட்டமே பெறாதவனாயினும், உள்ளே வரலாம். இப்பட்டத்தின் பண மதிப்பை எடை போடுவோர் முதலில் உணர வேண்டிய உண்மை இதுவே. இங்கே பட்டம் உரிமம் அன்று. மூன்றாண்டுப் பயிற்சியும், கருவிகளைக் கையாளும் வாய்ப்பும், துறையினரின் அறிமுகமுமே நாம் விலை கொடுத்து வாங்குபவை. இவற்றைத் தராத கல்லூரி, வெறுந்தாளையே விற்கிறது.

செலவுப் பக்கம்

"அரசு உதவி பெறும் கல்லூரிதானே, கட்டணம் குறைவாய் இருக்கும்" என்று நம்பிச் செல்லும் பெற்றோர் பலர். ஆனால் அத்தகைய கல்லூரிகள் பலவற்றில் இப்பட்டம் சுயநிதிப் பிரிவிலேயே நடைபெறுகின்றது. அதே வளாகத்தில் வரலாறோ தமிழோ படிப்பவர் கட்டும் தொகையைப் போலப் பன்மடங்கு கட்ட நேரிடலாம். இதனுடன் கேமரா, வில்லை, படத்தொகுப்புக்கேற்ற மடிக்கணினி ஆகியவற்றின் விலை எளிதில் ஒரு இலட்சத்தைத் தாண்டும். திரைத்துறைக்குச் செல்ல விரும்புவோர், தொழிற்சங்க உறுப்பினர் அட்டைக்கும் பின்னர் ஒரு தொகை சேர்த்து வைத்தல் வேண்டும்.

இனி, கடனை நோக்குவோம். வங்கிகளின் கல்விக்கடன் திட்டப்படி, ரூ. 4 இலட்சம் வரை பொதுவாகப் பிணை கேட்பதில்லை. பெற்றோர் உடன்கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. மூன்று சம பங்குகளாக ஆண்டுதோறும் பெற்ற 4 இலட்சத்திற்கு 10 விழுக்காடு தனிவட்டி எனக் கொண்டால், நான்காம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் ரூ. 1,20,000 ஆகிவிடும். அந்த 5,20,000-ஐ ஏழாண்டுகளில் தீர்க்க, மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 8,630. மொத்தம் கட்டுவது 7 இலட்சத்து 25 ஆயிரம். முதல் ஆண்டில் மாதம் ஏறத்தாழ ரூ. 1,100, பின்னர் படிப்படியாய் ரூ. 3,300 என வட்டியை அவ்வப்போதே கட்டி வருவோர்க்குத் தவணை ரூ. 6,640 ஆகக் குறையும்.

நகையை அடகு வைப்போர்க்கோ இந்தக் காத்திருப்புச் சலுகையும் இல்லை. பொதுவாக ஓராண்டுக்குள் மீட்கவோ, வட்டி கட்டிப் புதுப்பிக்கவோ வேண்டும். தவறினால் நகை ஏலத்திற்குச் செல்லும். நான்கு ஆண்டுகள் கழித்துப் பலன் தரும் படிப்புக்கு, ஓராண்டில் திருப்பிக் கேட்கும் கடன் பொருந்துமா? வட்டி மானியத் திட்டங்களும் எல்லார்க்கும் உரியன அல்ல. 2024-இல் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டம், தெரிந்தெடுக்கப்பட்ட உயர்தர நிறுவனங்களில் சேர்வோர்க்கே உரியது. நாம் சேரும் கல்லூரி அப்பட்டியலில் உண்டா என்று முதலில் பார்த்தல் நலம்.

வரவுப் பக்கம்

முதல் வேலையில் மாதம் ரூ. 15,000 கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். தவணை போக எஞ்சுவது ரூ. 6,370. சென்னையில் விடுதி வாடகைக்கும் உணவுக்கும் அது போதாது என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கல்லூரிகள் விளம்பரத்தில் காட்டும் "உயர்ந்தபட்சச் சம்பளம்" ஒரே ஒரு மாணவருடையதாய் இருக்கலாம். நாம் கேட்க வேண்டியது இடைநிலைச் சம்பளம். அதாவது, வேலை பெற்றோரை வரிசையாய் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறுவது. 2016 முதல் வெளியிடப்படும் தேசிய நிறுவனத் தரவரிசையில் பங்கு கொள்ளும் கல்லூரிகள், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர், எத்தனை பேர் வேலை பெற்றனர், இடைநிலைச் சம்பளம் யாது என்பவற்றைத் தம் இணையதளத்தில் வெளியிடுகின்றன. எனினும் அது மூன்றாண்டுப் பட்டங்கள் அனைத்துக்கும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. வணிகவியல் மாணவரின் வேலைவாய்ப்பு அதில் ஊடக மாணவரின் நிலையை மறைத்துவிடக்கூடும். ஆதலால் துறைத் தலைவரையே நேரில் கண்டு கேட்பது சாலச் சிறந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் படித்து முடித்த ஐவர் இன்று எங்கே பணி புரிகின்றனர்? மாணவர் கேமராவைத் தொடுவது எந்தப் பருவத்தில்? பயிற்சிப் பணிக்கு எந்நிறுவனங்கள் அழைக்கின்றன? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காவிடில், அதுவே விடை எனக் கொள்க.

பிற வாயில்களையும் எண்ணுதல் வேண்டும். வங்கித் தேர்வுக்கும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரித் தேர்வுகள் பலவற்றுக்கும் எப்பட்டமும் போதுமாகையால், இப்பட்டமும் அங்கே செல்லும். ஆனால் பி.எட். சேர்க்கைக்குப் பெரும்பாலும் பள்ளியில் கற்பிக்கப்படும் பாடங்களில் பட்டம் கேட்கப்படுகின்றது. பள்ளி ஆசிரியர் பணியை இரண்டாம் வழியாக மனத்தில் வைத்திருப்போர் இதனை மறத்தலாகாது. 2022-க்குப் பின் பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், எளிய மொழிபெயர்ப்பையும் சாதாரணப் படத்தொகுப்பையும் நொடியில் செய்து தருகின்றன என்பதையும் கருத வேண்டும். கருவியை இயக்க மட்டும் தெரிந்தவருக்கு இனிக் கூலி குறையும். களத்திற்குச் சென்று மனிதரிடம் பேசி, செய்தியைச் சரிபார்த்து, பிழையற எழுதத் தெரிந்தவரின் தேவை எளிதில் குறையாது.

ஒப்பிட வேண்டியது எதனோடு?

பலர் இப்பட்டத்தைப் படிக்காமல் இருப்பதோடு ஒப்பிடுகின்றனர். அது தவறு. நம் பிள்ளை எப்படியும் ஏதேனும் ஒரு பட்டம் படிப்பான். ஆதலால் குறைந்த கட்டணத்தில் வேறு பட்டம் பெற்று, பின்னர் ஓராண்டு இதழியல் பட்டயம் பயில்வதோடு ஒப்பிடுவதே முறை. சென்னைத் தரமணியில் உள்ள அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தைப் போன்ற குறைந்த கட்டண அரசு நிறுவனங்களுக்கு முதலில் விண்ணப்பிப்பதும் அறிவுடைமை. சேமிப்புக்குள் கட்டணம் அடங்குமாயின், நல்ல பயிற்சியும் உறுதியாயின், தயங்காது சேர்க்கலாம். ஒலிப்பதிவு, படத்தொகுப்பு போன்ற நுட்பங்களை ஆழக் கற்றோர் அதனால் நல்வாழ்வு பெற்றுள்ளனர்.

அக்குடும்பத்தினர் அன்று மாலை வரை தாளில் கணக்கிட்டனர். "தங்கச்சி படிப்புக்கு என்ன இருக்கும்?" என்று மகனே கேட்டான். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. முடிவில், உதவி பெறும் பிரிவில் தமிழ் இலக்கியம் சேர்ந்தான். மாலை வேளைகளில் நகரத்துப் படப்பிடிப்பு நிலையம் ஒன்றில் பணி செய்கிறான். பட்டம் முடிந்ததும் ஊடகப் பட்டயம் படிப்பதாகத் திட்டம். அது நிறைவேறுமா என்று இப்போது சொல்வதற்கில்லை. ஆனால் நகைகள் அடகுக்குச் செல்லவில்லை. தங்கையின் முறை வரும்போது, வீட்டில் அவளுக்கென்று ஏதேனும் எஞ்சியிருக்கும்.

பெற்றோரே, பிள்ளையின் விருப்பத்தைக் கடிந்து அடக்காதீர்; கண்ணை மூடிக்கொண்டு கடனிலும் இறங்காதீர். தாளும் எழுதுகோலும் எடுத்து, பிள்ளையையும் அருகே இருத்தி, கணக்கை ஒருமுறை சேர்ந்தே எழுதுவீர்.