ஆபீஸ் கிறிஸ்துமஸ் பார்ட்டி: தலைக்கு எவ்வளவு?

டிசம்பர் பிறந்தாச்சு. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல "தலைக்கு ஆயிரம்"னு மெசேஜ் வந்திருக்குமே? மேனேஜருக்கு அது ஒரு டின்னர். போன மாசம் சேர்ந்த பையனுக்கு ஒரு வார மெஸ் சாப்பாடு. அவன் வாய் திறந்து மறுக்கவும் மாட்டான். அதனால முதல்ல கம்பெனி எவ்வளவு தருதுன்னு ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க, மீதியைச் சம்பளத்துக்கு ஏத்த மாதிரி பிரிங்க.

ஹால் வாடகையே வேண்டாம்னா, மதுரைக்காரங்களுக்குக் கீழக்குயில்குடி இருக்கு. காலையிலேயே சமணர் மலை ஏறிட்டு, கீழே வந்து கேக் வெட்டுங்க. (மேலே ஆயிரம் வருஷத்துச் சிற்பங்கள். அங்க க்ரீம் பூசி விளையாடாதீங்க, ப்ளீஸ்.)

இப்போ வரி. 2024-25 நிதியாண்டுக்கு, கம்பெனி தர்ற பொருள், கிஃப்ட் கார்டு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 5,000 ரூபாய்க்குள்ள இருந்தா வரி இல்லை. தீபாவளிக்கு வாங்கின கூப்பனும் இதே கணக்குலதான் சேரும். பலர் மறக்கிறது இதைத்தான். கவர்ல ரொக்கமா குடுத்தா முதல் ரூபாயிலிருந்தே வரி. சீக்ரெட் சான்டாவுக்குப் பயப்பட வேண்டாம்: சொந்தக்காரங்க அல்லாதவங்ககிட்ட வாங்குற பரிசு வருஷத்துக்கு மொத்தம் 50,000 தாண்டினால்தான் வரி.

ஹோட்டல்னா பில்லைப் பாருங்க. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிடுச்சு. எடுக்கச் சொல்லிக் கேளுங்க.