விழுந்த நாற்காலிக்கு யார் பொறுப்பு?

2018 ஜனவரி 15 இரவு, மலேசியாவின் பந்தாய் டாலாமில் உள்ள ஸ்ரீ பந்தாய் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில், மேல் மாடியிலிருந்து வந்து விழுந்த நாற்காலி ஒன்று, தாயுடன் நடந்துவந்த 15 வயதுத் தமிழ்ப் பையனின் உயிரைப் பறித்தது. எறிந்தது யார் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஸ்ரீ கெம்பாங்கான் போல அடுக்குமாடிகள் நிறைந்த ஊர்களில் குடியிருப்போர் அதோடு நின்றுவிட முடியாது. இதைத் தடுத்திருக்கக்கூடியவர் யார் என்ற கேள்வியும் உண்டு. பைபிளின் பழைய சட்டங்கள் அதைத்தான் விடாமல் கேட்கின்றன.

புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் விழுந்தவனின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22:8. யாரும் விழுவதற்கு முன்பே கடமை தொடங்கிவிடுகிறது. யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முட்டும் பழக்கமுள்ள மாடு என்று எச்சரித்தும் கட்டிவைக்காமல் விட்டு, அது ஆளைக் கொன்றால், உரிமையாளனும் குற்றவாளி. தெரியாமல் நடந்ததற்கு ஒரு நீதி, தெரிந்தும் சும்மா இருந்ததற்கு வேறொரு நீதி. மேலிருந்து குப்பையும் பூந்தொட்டியும் விழுவதாகப் பலமுறை புகார் வந்த கட்டடம், எச்சரிக்கப்பட்ட மாட்டுக்காரனின் நிலையில்தான் இருக்கிறது.

எறிந்தவன் ஒருவன் இருக்க, கட்டட நிர்வாகத்தை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். உபாகமம் 21ஆம் அதிகாரம் இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. வயல்வெளியில் ஒருவன் கொல்லப்பட்டுக் கிடந்து, கொன்றவன் யாரென்று தெரியாவிட்டால், தூரத்தை அளந்து, மிக அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள் முன்வந்து பாவநிவிர்த்திச் சடங்கு செய்ய வேண்டும். கொலையாளி அகப்படவில்லை என்பதால் ஊர் விலகி நின்றுவிட முடியாது.

பல சமயத்தார் வாழும் நாட்டில் ஒரு சமயத்தின் வேதம் எதற்கு என்ற தயக்கமும் நியாயமானதே. அதன் தண்டனைகளை யாரும் இங்கே கொண்டுவர வேண்டாம். அதன் நியாயம் மட்டும் ஏற்கெனவே நம் நீதிமன்றங்களுக்குள் வந்துவிட்டது. 1932இல் பிரிட்டிஷ் நீதிபதி அட்கின் பிரபு, அயலானை நேசி என்ற பைபிள் கட்டளையிலிருந்துதான் கவனக்குறைவுச் சட்டத்தின் அடிப்படையை வகுத்தார். மலேசிய வழக்குகளும் அதன்மேல்தான் நிற்கின்றன.

ஆனாலும் அந்த நியாயத்துக்கும் நம் சட்டத்துக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். 2000இல் உயர் நீதிமன்றம் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின்மேல் 15 விழுக்காடு பொறுப்பைச் சுமத்தியது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம் அதையும் நீக்கியது. கட்டட அனுமதி, சோதனை தொடர்பான வழக்குகளிலிருந்து ஊராட்சி மன்றங்களுக்குக் கட்டடங்கள் குறித்த சட்டத்தின் 95ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் மன்றங்கள் வழக்குகளில் மூழ்கிப்போகும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கைப்பிடிச்சுவர் இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, பார்க்காமல் விட்டதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும்.