சர்வர் முகப்பில் எழுத்து தோன்றினால்

வெளிமாநிலத்தில் தொழில் நடத்தும் நம்மவர் பலர் கடைக் கணக்கு, சரக்கு இருப்பு, பாக்கி எல்லாவற்றையும் ஒரே சர்வரில் வைத்திருக்கிறோம். அது பழுதானால், ஆள் வருவதற்குள் நாமே எதையாவது பிடுங்கிச் சின்னக் கோளாறைப் பெரிதாக்கிவிடுவதுண்டு. கையேடுகளைப் புரட்டியும், பழுது பார்ப்பவர் பக்கத்தில் நின்றும் நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

சர்வரின் தாய்ப்பலகையில் பி.எம்.சி. என்றொரு தனிச் சில்லு உண்டு. விண்டோஸ் நின்றுபோனாலும், மின்சாரம் உள்ளவரை அது விழித்திருந்து வெப்பம், விசிறி வேகம், மின்னழுத்தம் முதலியவற்றைக் கவனிக்கும். 2006-இல் வெளிவந்த டெல் பவர்எட்ஜ் 2950-ஐ எடுத்துக்கொள்வோம். நலமாக இருந்தால் முகப்புத் திரை நீலம். கோளாறு வந்தால் மஞ்சள், கூடவே ஒரு குறியீடு.

'இ1310' என்றால் விசிறி வேகம் சரியில்லை. 'இ1114' என்றால் அறை வெப்பம் எல்லை மீறியது; முதலில் ஏ.சி.யைப் பாருங்கள். 'இ161சி' என்றால் பவர் சப்ளைக்குள் மின்சாரம் வரவில்லை. இதைப் பார்த்ததும் புது பவர் சப்ளைக்கு ஆர்டர் கொடுப்பார்கள். வயர் நழுவியிருக்கலாம், யு.பி.எஸ். நின்றிருக்கலாம். 'இ1614' வந்தால்தான் பவர் சப்ளை மேலேயே சந்தேகம்.

சமண தருக்கத்தில் ஒரு பொருளை ஒரு பக்கமாகக் காண்பது நயம். அதுவே முழு உண்மை என்று சாதிப்பது துர்நயம். திரை காட்டுவதும் ஒரு நயமே. கோளாறு எங்கே உணரப்பட்டது என்றுதான் அது சொல்லும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

மிகவும் ஜாக்கிரதை வேண்டியது 'இ1810'. ஹார்ட் டிஸ்க் பழுது என்று அர்த்தம். கூடவே எண்ணும் வரும். அந்த எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது. 3 என்றால் நான்காவது டிஸ்க். ரெய்டு 5 முறையில் ஒரு டிஸ்க் போனாலும் மற்றவை வேலையைத் தாங்கும். அந்நேரம் தவறுதலாக நல்ல டிஸ்கை உருவினால் மொத்தமும் நின்றுவிடும். கணக்கே போனாலும் போச்சு. அந்த டிஸ்கிலேயே மஞ்சள் விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

நினைவகப் பிழையென்றால், மின்சாரத்தைத் துண்டித்து, அந்த ராமை வேறு இடுக்கில் மாற்றிப் போடலாம். பிழை கூடவே போனால் ராம் பழுது. பழைய இடுக்கிலேயே நின்றால் பலகையில் கோளாறு.

எதுவானாலும், பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடி குறியீட்டை முழுசா எழுதிக்கொள்ளுங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் கணக்கைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். உதிரி பாகத்தைப் பிறகும் வாங்கலாம். தொலைந்த பேரேட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.