அண்டை நிலத்தில் ஒரு குழாய்: இசைவும் உரிமையும்

ஒருவர் தம் மனைக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவர வேண்டும்; தெருவுக்கும் அம்மனைக்கும் இடையே அண்டை வீட்டாரின் நிலம் இருக்கிறது. அந்நிலத்தின் ஓரமாகக் குழாய் பதித்துக்கொள்ள இசைவு கேட்கிறார். கொடுப்பதா, மறுப்பதா? பூர்வீக மனைகள் வாரிசுகளிடையே பாகம் பிரிந்து பின்மனைகள் பெருகிவிட்ட நம் ஊர்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. ஒரு நிலத்தின் பயனுக்காக மற்றொருவர் நிலத்தின்மீது அமையும் இத்தகைய உரிமையை ஃபிக்ஹு அறிஞர்கள் 'ஹக்குல் இர்திஃபாக்' என்பர். இந்தியச் சட்டம் 'வசதியுரிமை' என்கிறது.

தமது சுவரில் அண்டை வீட்டார் மரக்கட்டை பொருத்துவதை எவரும் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உண்டு. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் இதனைக் கட்டாயமாகக் கொண்டார்கள்: கேட்பவருக்குத் தேவை இருந்து, சுவருக்குத் தீங்கு இல்லையெனில் உரிமையாளர் மறுக்கலாகாது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பழைய கருத்தும் இதுவே. அவர்களது புதிய கருத்திலும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் மாலிக் (ரஹ்) ஆகியோரிடத்திலும் இசைவது விரும்பத்தக்கது; கட்டாயமன்று. பிறர் பொருளை அவரது மனநிறைவின்றிப் பயன்படுத்தலாகாது என்பதே அவர்களது அடிப்படை.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. ளஹ்ஹாக் இப்னு கலீஃபா என்பவர் மதீனாவின் உரைள் பகுதியிலிருந்து வாய்க்கால் வெட்டினார். அது முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களின் நிலத்தினூடே செல்ல வேண்டியிருந்தது; அவர்கள் இசையவில்லை. வழக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் சென்றது. அந்நீரால் நில உரிமையாளரும் பயன்பெறுவார், அவருக்குத் தீங்கேதும் இல்லை என்பதை எடுத்துக்காட்டி, வாய்க்கால் செல்ல வேண்டுமென்றே கலீஃபா தீர்ப்பளித்தார்கள். பிற்கால ஃபிக்ஹு அறிஞர் பலர் இதனைப் பொதுவிதியாக ஆக்கவில்லை. எனினும், மறுப்பவர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை இத்தீர்ப்பு தெளிவாக வைக்கிறது: இதனால் எனக்கு என்ன தீங்கு?

ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளைப் பின்பற்றும் நமக்கு மறுக்கும் உரிமை உண்டுதான். உரிமை உண்டு என்பதனாலேயே மறுப்பது நன்றாகிவிடாது. அற்பமான புழங்குபொருளையும் தர மனமில்லாதவரைக் கண்டிக்கும் சூரத்துல் மாஊனை நாம் தொழுகையில் ஓதி வருகிறோம். அஸ்திவாரம் பலவீனப்படுதல், நீர்க்கசிவு, நாளை கட்டடம் எழுப்ப இடமின்றிப் போதல் ஆகியன தீங்கு. கேட்பவர்மீது நமக்குள்ள பழைய மனக்கசப்பு தீங்கன்று. தீங்கு உண்மையெனில், மறுப்பதற்கு முன் குழாயின் தடத்தைச் சற்று மாற்றினால் அது நீங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

கொடுப்பதென முடிவு செய்தபின், எதைக் கொடுக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், சுவர் பற்றிய பகுதியில் இதனை வகைப்படுத்துகிறது. பிரதியின்றி இசைந்தால் அது 'ஆரியத்' எனும் இரவல். அண்டை வீட்டார் கட்டிய பின்னரும் திரும்பப் பெறலாம். ஆனால், வாடகைக்கு அதனை விட்டுவைக்க வேண்டும், அல்லது அகற்றி, அதனால் நேரும் இழப்பை ஈடுசெய்ய வேண்டும். கட்டும் உரிமையையே விலைக்கு விற்றிருந்தால், கட்டிய பின் இடிக்க வழியில்லை. தம் நிலத்தினூடே நீர் செல்லப் பொருள் பெற்று உடன்படிக்கை செய்துகொள்வதையும் அந்நூல் அனுமதிக்கிறது.

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமும் இதே வேறுபாட்டைக் காண்கிறது. வெறும் அனுமதி, நிலம் கைமாறினால் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது (பிரிவு 59). வசதியுரிமையோ நிலத்துடனேயே செல்லும். அனுமதியை நம்பி ஒருவர் தம் செலவில் நிரந்தர வேலை செய்துவிட்டால், அதனைத் திரும்பப் பெற இயலாது (பிரிவு 60). அனுமதியாக அன்றி உரிமையாகவே, வெளிப்படையாகவும் இடையூறின்றியும் 20 ஆண்டுகள் அனுபவித்தால் வசதியுரிமை உருவாகும் (பிரிவு 15). வாய்மொழியாகக் கொடுத்தது இரவலா, உரிமையா என்று தெரியாமல் நம் பிள்ளைகள் வழக்காடுவது இதனால்தான்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நிலத்தில் தரும் இசைவுக்கும் அதே விவேகம் பொருந்தும். குழாய் செல்லும் தடம், அகலம், ஆழம், பழுதுபார்க்க நுழையும் முறை, தோண்டிய இடத்தைச் சீர்செய்யும் பொறுப்பு, காலவரை, கட்டடம் எழும்போது குழாயை இடம் மாற்றும் செலவு யாருடையது, கொடுப்பது அனுமதியா நிரந்தர உரிமையா ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். நிரந்தர உரிமையெனில் வழக்கறிஞரைக் கலந்து பத்திரத்தைப் பதிவு செய்வதே முறை. எழுதக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. கொடுத்தவரும் பெற்றவரும் மறைந்த பின்பும் அவர்களது நல்லெண்ணம் வாரிசுகளுக்கு விளங்க அந்த ஏடே சாட்சி. அல்லாஹ் நன்கறிந்தவன்.