உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு வகுப்பு

வீட்டுக்கு என்று வாங்கிய கம்ப்யூட்டர், சில மாதங்களில் கடைக்கோ மில்லுக்கோ போய்விடுவது நம் ஊரில் சாதாரணம். அங்கே பில் போட ஒருவர், கணக்குப் பார்க்க ஒருவர், மெயில் அனுப்ப ஒருவர் என்று நான்கைந்து கைகள் அதில் படுகின்றன. ஆன்ட்டி வைரஸ் புரோகிராம் போட்டாயிற்று, இனி கவலை இல்லை என்று நினைப்பவர்கள், திருநெல்வேலி மாவட்டத்திலேயே 2019ல் நடந்த ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 4ம் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் மால்வேர் புரோகிராம் ஒன்று இருப்பதாக, மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், இந்திய அணுமின் கழகத்திற்குத் தகவல் தந்தது. அக்டோபர் இறுதியில் விஷயம் வெளியே கசிந்தது. அக்டோபர் 29ல் அணுமின் நிலையம், பரவும் தகவல் தவறு என்று மறுத்தது. மறுநாளே கழகம், மால்வேர் இருந்தது உண்மை என ஒப்புக்கொண்டது.

பாதிக்கப்பட்டது அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர் அல்ல. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைக்கப்பட்டிருந்த ஒரு சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டர். உலையின் கட்டுப்பாட்டு நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அங்கே பாதிப்பு இல்லை என்று கழகம் கூறியது. சிக்கிய மால்வேரை வல்லுநர்கள் டிட்ராக் வகை என்றனர். நாம் தட்டும் கீகளைப் பதிவு செய்வது, பிரவுசரில் பார்த்த தளங்களின் பட்டியலை எடுப்பது, டிஸ்க்கில் உள்ள பைல்களை எல்லாம் பட்டியலிடுவது ஆகியவை இதன் வேலை. எதையும் அழிக்காது. ஓசையில்லாமல் உளவு பார்க்கும்.

அத்தனை காவல் உள்ள இடத்திலேயே வழி கிடைத்தது ஆபீஸ் மேஜையில்தான். நம் கடைகளுக்கும் வாசல் அதுவே. எனவே அங்கே உட்காருபவருக்குச் சொல்லித் தர வேண்டும். இதைத்தான் பெரிய கம்பெனிகள் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சி என்ற பெயரில் நடத்துகின்றன.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனி நடத்தும் ஒருவரிடம் மூன்று கம்ப்யூட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் முதலில் ஒரு தாளில், யார் எந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறார், அதில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். பாடம் இதிலிருந்துதான் வரும். பில் போடுபவருக்கு யு.பி.ஐ. மோசடி பற்றித் தெரிய வேண்டும். பணம் நமக்கு வருவதற்குப் பின் நம்பர் போடத் தேவையே இல்லை என்ற ஒன்றைப் புரியவைத்தால் அவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது. கணக்கு பார்ப்பவருக்கு வேறு. "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று சப்ளையரிடமிருந்து மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, ஏற்கனவே நம்மிடம் உள்ள நம்பரில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். லோடு விவரத்திற்கு வாட்ஸ்அப் பார்க்கும் பையனுக்கு, ஏ.பி.கே. என்று முடியும் பைல் யார் அனுப்பினாலும் திறக்கக் கூடாது என்பது பாடம். எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொன்னால் எதுவும் மனதில் தங்காது.

மெயிலில் வரும் பைல்களைப் பற்றி மட்டும் எல்லாருக்கும் செய்து காட்டுங்கள். விண்டோஸ், பைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவைக்கும். இதனால் "பில்.பிடிஎப்.இஎக்ஸ்இ" என்ற புரோகிராம், "பில்.பிடிஎப்" என்று அப்பாவியாகத் தெரியும். 2000ம் ஆண்டு மே மாதம் உலகையே கலக்கிய ஐ லவ் யூ வைரஸ் இந்தத் தந்திரத்தில்தான் பரவியது. விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ, பின் ஷோ என்பதில் கிளிக் செய்து, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்தவும். இனி முழுப் பெயரும் தெரியும். இதை ஊழியர் கையாலேயே செய்ய வையுங்கள். பார்த்ததைவிடச் செய்தது நினைவில் நிற்கும்.

வகுப்பு இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். வேலைக்குச் சேரும் முதல் நாளில் ஒரு முறை, பின் மூன்று மாதத்திற்கு ஒரு முறை. அந்த இடைவெளியில் வந்த உண்மையான மோசடி மெயிலையோ மெசேஜையோ காட்டிப் பேசினால் போதும்.

இதில் முதலாளிக்கும் ஒரு பாடம் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் கடினமானது. "அண்ணாச்சி, தெரியாமல் கிளிக் பண்ணிட்டேன்" என்று ஒருவர் வந்து சொன்னால் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார். கூடங்குளத்தில் தகவல் வந்ததற்கும் ஊருக்குச் சொன்னதற்கும் நடுவே எட்டு வாரங்கள் ஓடின. நம் கணக்கிலிருந்து பணம் போக எட்டு நிமிடம் போதும்.

சொன்னவுடன் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கவும் அல்லது வை-பையை நிறுத்தவும். அந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் பாஸ்வேர்டும் டைப் செய்ய வேண்டாம். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றவும். பணம் போயிருந்தால் உடனே பேங்கிற்கும், சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணிற்கும் போன் செய்திட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, போன பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. இந்த எண்ணையும் பேங்க் கிளையின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கம்ப்யூட்டருக்குள் சேவ் செய்துவைத்தால் அந்த நேரத்தில் திறக்க முடியாது.