ரோட்டரி சங்கம்: கூட்டமும் கொடையும்

ரோட்டரி என்பது பல தொழில்களைச் சேர்ந்தவர்கள் தங்கள் ஊரில் ஒன்றுகூடி நடத்தும் சேவைச் சங்கம். தமிழ்நாட்டில் பேருந்து நிழற்குடை, பள்ளிக் குடிநீர்த் தொட்டி, எரிவாயு தகனமேடை என்று பல இடங்களில் அதன் பல்சக்கரச் சின்னத்தைப் பார்க்கலாம். அரிமா சங்கம், ஜேசீஸ் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவைதான்; காலத்தால் மூத்தது ரோட்டரி.

1905 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், நிலக்கரி வியாபாரி ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், தையல் தொழில் நடத்தியவர் ஒருவர் ஆகியோருடன் கூடிப் பேசியதே முதல் கூட்டம். பெருநகரத்தில் நட்புக்கும் தொழில் தொடர்புக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே அப்போதைய நோக்கம். உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துக் கூடியதால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. ஊருக்கு உழைக்கும் எண்ணம் பிறகுதான் சேர்ந்தது. சிகாகோவில் பொதுக் கழிப்பிடம் அமைக்க 1907இல் எடுத்த முயற்சியே முதல் சேவைப் பணி. 1920இல் கல்கத்தாவிலும் 1929இல் சென்னையிலும் சங்கங்கள் தோன்றின. பெண்களுக்கு மட்டும் நெடுங்காலம் இடம் இல்லை. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, 1989இல் விதி திருத்தப்பட்டு உலகெங்கும் அவர்களுக்குக் கதவு திறந்தது.

இச்சங்கத்தில் சேர, ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவரின் பரிந்துரை வேண்டும். தொடக்க காலத்தில் ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பதே விதி. இப்போது அது தளர்ந்துவிட்டாலும், ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் சங்கத்தை நிறைத்துவிடக் கூடாது என்ற கொள்கை நீடிக்கிறது. டாக்டர், ஆடிட்டர், அரிசி ஆலை அதிபர், கட்டடப் பொறியாளர் என்று பலரும் ஒரே மேசையில் அமர்வதால், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டடம் வேண்டுமென்றால் வரைபடம் போடவும் கணக்குப் பார்க்கவும் சங்கத்துக்குள்ளேயே ஆள் இருக்கும்.

சங்கத்தின் உயிர்நாடி அதன் கூட்டம். வாரம் ஒரு முறை கூடுவது மரபு. மாதம் இரண்டு கூட்டமாவது நடந்தால் போதும் என 2016இல் விதி தளர்த்தப்பட்டது. தலைவர் மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்குகிறார். ‘நான்கு வழிச் சோதனை’ வாசிக்கப்படுகிறது. நினைப்பதும் சொல்வதும் செய்வதும் உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மை தருமா என்ற நான்கு கேள்விகளே அது. ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் 1930களின் தொடக்கத்தில், நொடித்துப்போன தம் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த எழுதியவை அவை. அடுத்து பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்துகள், செயலாளரின் அறிவிப்புகள், சிறப்பு விருந்தினரின் உரை, நன்றியுரை, சாப்பாடு. தம் சங்கக் கூட்டத்துக்கு வர முடியாதவர், வெளியூரில் இருந்தால் அங்குள்ள சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு அதை ஈடுகட்டலாம்.

சங்கத்துக்குப் பணம் வரும் வழிகள் மூன்று. உறுப்பினர் சந்தா நிர்வாகச் செலவுக்குப் போகிறது. நலத்திட்டங்களுக்குத் தனியாக நன்கொடை திரட்டப்படுகிறது. மூன்றாவது, ரோட்டரி அறக்கட்டளை. ஆர்ச் கிளம்ப் என்ற உலகத் தலைவர் 1917இல் முன்வைத்த யோசனையில் பிறந்த இதற்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்கு வரும் பணம் உடனே செலவாவதில்லை. மூன்று ஆண்டுகள் முதலீடாக இருந்து, பிறகு ஏறக்குறைய பாதி, கொடுத்தவர்களின் சங்கங்கள் அடங்கிய ரோட்டரி மாவட்டத்துக்கே திரும்புகிறது. ஏறக்குறைய அதே அளவு உலக நிதிக்குப் போகிறது. பெரிய உதவியான உலகளாவிய மானியத்துக்குத் திட்டச் செலவு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். பணி நடக்கும் நாட்டுச் சங்கமும் வேறொரு நாட்டுச் சங்கமும் கைகோக்க வேண்டும். பணம் தீர்ந்த பிறகும் பயன் தொடரும் என்பதைக் காட்டினால்தான் மானியம் கிடைக்கும்.

ஊர் மக்கள் இச்சங்கங்களை அதிகம் சந்திப்பது இலவசக் கண் சிகிச்சை முகாம்களில்தான். கண் மருத்துவமனை, மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம், உள்ளூர்ச் சேவைச் சங்கம் ஆகிய மூன்றின் பெயர்களும் துண்டறிக்கையில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் இடம் பிடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, வருவோரை வரிசைப்படுத்துவது எல்லாம் சங்கத்தின் வேலை. மருத்துவமனைக் குழு பார்வை, கண் அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கிறது. கண்புரை முற்றியவர்கள் மாற்றுத் துணியோடு அன்றைக்கே பேருந்தில் ஏற்றிச் செல்லப்பட்டு, உள்விழி லென்ஸ் பொருத்தப்பட்டு ஊர் திரும்புகிறார்கள். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பல்லாயிரம் கிராமவாசிகளை எட்டியதில் இத்தகைய உள்ளூர்ச் சங்கங்களுக்கும் பங்குண்டு.

ரோட்டரியின் மிகப் பெரிய பணி இளம்பிள்ளை வாத (போலியோ) ஒழிப்பு. 1985இல் 12 கோடி டாலர் திரட்டுவதாக அறிவித்து, 1988க்குள் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் திரட்டியது. 1988இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றுடன் சேர்ந்து உலகளாவிய ஒழிப்பு இயக்கத்தில் இறங்கியது. அப்போது ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகி வந்தனர். இலங்கையில் போர் நடந்த காலத்தில், சொட்டு மருந்து நாட்களில் மட்டும் துப்பாக்கிகள் ஓய உடன்பாடு காண உழைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கொழும்பைச் சேர்ந்த கே. ஆர். ரவீந்திரன்; 2015-16இல் அவர் ரோட்டரியின் உலகத் தலைவரானார். இந்தியாவில் முகாம்தோறும் சொட்டு மருந்து கொடுத்து, குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைக்கும் பணியில் ரோட்டரி உறுப்பினர்களும் நின்றார்கள். நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது.

இச்சங்கங்களின் பலவீனமும் அவற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் நாள் புதிய தலைவர் பொறுப்பேற்கிறார்; ஜூன் 30இல் அவர் காலம் முடிகிறது. பதவி ஒருவரிடமே தங்கிவிடாமல் இது காக்கிறது. ஆனால், தம் ஆண்டுக்குள் பெயர் சொல்லும்படி ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற அவசரமும் இதனால்தான் வருகிறது. மேடை, சால்வை, புகைப்படம் என்று முடிந்துபோகும் நலத்திட்ட விழாக்கள் அந்த அவசரத்தின் விளைவு. போலியோ ஒழிப்போ, ஆண்டுதோறும் மாறிய தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைவிடாமல் எடுத்துச் சென்ற பணி. ஒரு சங்கம் எப்படிப்பட்டது என்று அறிய அதன் பதவியேற்பு விழாவைப் பார்த்தால் போதாது. முந்தைய தலைவர் தொடங்கிய வேலை அடுத்தவர் காலத்திலும் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.