கூடு நம்முடையது, குரல் யாருடையது?

காவேரிப்பட்டினம் என்றவுடன் சோழநாட்டுக் கடற்கரையை நினைத்துக்கொள்வோர் உண்டு. நாம் குறிப்பிடுவது பூம்புகாரை அல்ல. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தருமபுரிக்குப் போகும் வழியில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறதே, அந்தக் காவேரிப்பட்டினத்தை! பெயரில் இருப்பது காவேரி. ஊரைத் தொட்டு ஓடுவதோ தென்பெண்ணை. பெயர் ஒருத்திக்கு, தண்ணீர் தருபவள் மற்றொருத்தி! ஆறுகளுக்குள் நடக்கும் இந்த வேடிக்கையால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் உழைப்பு ஒருவருடையது, பெயரும் பொருளும் மற்றவருக்கு என்ற இதே வேடிக்கை மனிதர்களுக்குள் நடக்குமானால், அதை வேடிக்கை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போக முடியுமா?

அது நடக்கிறது. நம் மாவட்டத்திலேயே நடக்கிறது.

ஓசூரை அடுத்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லைக்குள், டாட்டா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. உலகத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் பெருமையோடு கையில் ஏந்தும் ஐபோனின் மேற்கூடு அங்கே கடைந்தெடுக்கப்படுகிறது. கடைவோர் யார்? ஆயிரக்கணக்கான இளம் பெண்கள். நேற்றுவரை 'பெண் பிள்ளைக்கு வெளியூரில் என்ன வேலை?' என்று கேட்ட குடும்பத்துப் பெண்கள், இன்று மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். தம்பியின் படிப்புச் செலவை ஏற்கிறார்கள். மகிழ்கிறோம்! அந்தத் தொழிற்சாலை வந்தது தவறென்று சொல்லும் கூட்டத்தாரல்லர் நாம்.

2024 செப்டம்பர் 28 அன்று அங்கே தீப்பிடித்தது. உற்பத்தி நின்றது. உலகத்துப் பத்திரிகைகள் ஓடிவந்து கேட்ட கேள்வி, 'ஐபோன் வரத்துக்குத் தட்டுப்பாடு வருமா?' என்பது. அவ்வளவு முக்கியமான இடமாகிவிட்டது நம் மாவட்டம்! ஆனால் நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. கூடு இங்கே செய்யப்படுகிறது. அந்தக் கூட்டுக்குள் குடியிருக்கும் உயிர் எங்கே செய்யப்படுகிறது?

ஐபோன் வரும் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கலிபோர்னியாவில் உருவமைக்கப்பட்டது என்று முதலில் இருக்கும். எந்த நாட்டில் பொருத்தப்பட்டது என்பது அதன் பின்னர்தான் வரும். தலை அங்கே, கை இங்கே! தலைக்கு என்ன கூலி, கைக்கு என்ன கூலி? 2010இல் வெளிவந்த ஐபோன் ஒன்றை எடுத்து, அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் கணக்குப் பார்த்தார்கள். விற்கும் விலையில் 100க்கு 58 பங்குக்கு மேல் ஆப்பிள் நிறுவனத்தின் இலாபம்! அதைப் பொருத்திக் கொடுத்த சீனத்துத் தொழிலாளியின் கூலி, 100க்கு 2 பங்குகூட இல்லை! அன்று சீனத்தில் நடந்ததுதான் அந்தக் கணக்கு. சீனம் பிறகு அந்த 2 பங்கோடு நின்றுவிடவில்லை. தன் சொந்தப் பெயரில் கைப்பேசி செய்தது. அதற்குள் ஓடும் மென்பொருளையும் எழுதியது. இன்று அந்தப் பேசிகள் நம் கடைவீதியிலேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நாம் எங்கே நிற்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

தலையில் பிறந்தவன் ஒருவன், காலில் பிறந்தவன் ஒருவன் என்று ஏடெழுதி வைத்தவர்களை எதிர்த்து வளர்ந்த நாடு இது. சிந்திப்பதற்கு ஒரு பிறவி, உழைப்பதற்கு ஒரு பிறவி என்ற பேச்சைச் சந்திக்கு இழுத்துச் சிரிக்க வைத்தவர்கள் நம் பெரியவர்கள். அப்படியிருக்க, சிந்திப்பதற்கு ஒரு நாடு, உழைப்பதற்கு ஒரு நாடு என்று ஒரு புதிய வருணாசிரமம் கப்பலேறி வந்தால், கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்கவா முடியும்?

'கிடைத்த வேலையே போதாதா? கூலி வருகிறதே!' என்பார் சிலர். அவர்களைத் திருப்பெரும்புதூருக்கு அழைக்கிறோம். 2006இல் அங்கே நோக்கியா தொழிற்சாலை கைப்பேசி செய்யத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தனர், பெண்கள் மிகுதி. அன்று நோக்கியா என்றால் செல்போன், செல்போன் என்றால் நோக்கியா! என்ன ஆயிற்று? 2007இல் ஐபோன் வந்தது. 2008இல் ஆண்ட்ராய்டு மென்பொருளோடு கைப்பேசி வந்தது. நோக்கியாவின் கூடு உடையவில்லை; கீழே போட்டாலும் உடையாத கூடு அது! ஆனால் உள்ளே இருந்த மென்பொருள் தோற்றது. கைப்பேசித் தொழில் 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் கைக்கு மாறியது. வரி வழக்கில் சிக்கியிருந்த திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் அங்கே உற்பத்தி அடியோடு நின்றது. எங்கோ எழுதப்பட்ட மென்பொருள் எங்கோ தோற்றது. வேலை இழந்தவள் இங்கே இருந்தாள்! கையை மட்டும் நம்பிய ஊருக்குக் காலம் கற்பித்த பாடம் அது.

தலையும் கையும் ஒரே ஊரில் இருக்க முடியாதா? முடியும். வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், ஓசூரையே பாருங்கள். 1984இல் தமிழக அரசின் டிட்கோவும் டாட்டாவும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது டைட்டன் கடிகார நிறுவனம். அரசு வெறுமனே நிலத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. கால் பங்குக்கும் மேலே தன் கையில் வைத்துக்கொண்டது. அங்கே கடிகாரத்தைப் பொருத்தியதோடு நிற்கவில்லை; அங்கேயே சிந்தித்தார்கள். 2002இல் 'எட்ஜ்' என்ற கைக்கடிகாரம் வெளிவந்தது. மொத்தத் தடிப்பு 3.5 மில்லிமீட்டர்! அதற்குள் ஓடும் பொறி 1.15 மில்லிமீட்டர்! கடிகாரம் என்றால் சுவிட்சர்லாந்துதான் என்று எண்ணிய உலகத்துக்கு ஓசூர் தந்த விடை அது. ஓசூரில் கையும் உண்டு, தலையும் உண்டு என்பதற்குச் சான்று வேறு வேண்டுமா?

மென்பொருளுக்கு வருவோம். அதிலும் நம்மவர் வெறுங்கையோடு இல்லை. கையடக்கக் கருவியில் கம்பியில்லாமல் பேசும் காலம் வரும், முகம் பார்த்துப் பேசும் காலம் வரும் என்று 1940களிலேயே 'இனிவரும் உலகம்' என்ற நூலில் பெரியார் எடுத்துரைத்தார். 1935இல் அவர் 'குடி அரசு' ஏட்டில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தம், 1978இல் அரசின் ஆணையாயிற்று. அச்சுக்கும் தட்டச்சுக்கும் ஏற்றபடி எழுத்து மாற வேண்டும், எழுத்துக்கு அஞ்சிக் கருவியை ஒதுக்கலாகாது என்பதே அதன் கருத்து. கணினி வந்தபோது அந்தக் கருத்து பயன்பட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டில் 'தமிழ்99' விசைப்பலகை வந்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். 247 எழுத்தும் பத்து விரலுக்குள் அடங்கின.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன், 1980களிலிருந்து முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை வளர்த்தவர். 2005இல் கைப்பேசிக்குச் 'செல்லினம்' தந்தவர். ஆப்பிள் கணினியில் இருக்கும் 'இணைமதி' என்ற எழுத்துரு அவர் வரைந்தது. 2013 முதல் ஐபோனிலேயே அஞ்சல், தமிழ்99 ஆகிய இரு விசைப்பலகைகளும் இடம்பெற்றன. நினைத்துப் பாருங்கள்! கூட்டைக் கடைபவள் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தமிழ்ப்பெண். அந்தக் கூட்டுக்குள் 'அம்மா' என்று எழுத வழி செய்தவர் கடல் கடந்த தமிழர். குரலின் ஒரு பகுதியை நாம் முன்பே வென்றிருக்கிறோம்! மீதியை வெல்வது எப்போது?

மீதி என்றால் எது? சொல்கிறோம். நம் பிள்ளையின் கையில் இருக்கும் செல்போனில் ஓடும் விளையாட்டுகள் யார் எழுதியவை? எந்த நேரத்தில் மணியடித்து அழைக்க வேண்டும், எத்தனை முறை தோற்கடித்த பிறகு ஒரு முறை வெற்றி காட்ட வேண்டும், எப்போது காசு கேட்க வேண்டும் என்பதையெல்லாம் யாரோ எங்கோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பிள்ளை விளையாட்டை ஆடுகிறானா, விளையாட்டு பிள்ளையை ஆட்டுகிறதா?

சூதாட்ட மென்பொருள் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியதை நாடறியும். தடுப்பதற்கு 2021இல் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அக்டோபரில் புதிய மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் மாளிகையில் மாதக்கணக்கில் உறங்கிய மசோதா, 2023 மார்ச்சில் திரும்பி வந்தது. அதிகாரம் இல்லையாம் தமிழகச் சட்டமன்றத்துக்கு! மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேற்றினார்கள். ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. தமிழகம் சொன்னபோது கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். 2025 ஆகஸ்டில் டில்லியே பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து நாடு முழுமைக்கும் சட்டம் போட்டது!

சட்டம் வேண்டும். ஆனால் சட்டம் கதவை மூடும், அறிவைத் திறக்காது. அதனால்தான் 'செல்போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டு' என்னும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். நாடகம் கெடுக்கும் என்றார்கள் அன்று. சினிமா கெடுக்கும் என்றார்கள் பிறகு. அதே நாடகத்தையும் சினிமாவையும் கையிலெடுத்து ஊரை எழுப்பிக் காட்டியவர்கள் இந்த மண்ணில் உண்டு. கருவியைப் பூட்டுவது தீர்வாகாது. கருவியை ஆளக் கற்பதே தீர்வு.

மென்பொருள் ஒன்றும் மந்திரமல்ல. நம் ஊர்த் திண்ணையில் கோடு கிழித்து ஆடும் ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புலி 3, ஆடு 15. புலி எப்போது ஆட்டைத் தாண்டி வெட்டலாம், ஆடுகள் எப்படிச் சூழ்ந்து புலியை மடக்கலாம் என்பது திண்ணைச் சிறுவனுக்குத் தெரியும். அந்த விதிகளை ஒன்றுவிடாமல், வரிசை பிசகாமல், இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதிக் கொடுத்தால் அதுதான் மென்பொருள்! அதை எழுதப் பெருநகரம் வேண்டுமென்பதும் இல்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் மென்பொருள் எழுதி உலகுக்கு விற்கிறது. கல்லூரிப் பட்டம் இல்லாத இளைஞர்களையும் பயிற்றுவித்து வேலை தருகிறது. அந்நிறுவனத்தாரின் கருத்துகள் பலவற்றோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனாலும் உண்மை யாரிடமிருந்து வந்தாலும் உண்மைதானே! மத்தளம்பாறையில் முடிவது காவேரிப்பட்டினத்தில் ஏன் முடியாது?

எல்லைக்கு அப்பால் பெங்களூர், மென்பொருளால் பெயர் பெற்ற நகரம். அங்கிருந்து நமக்கு வருவது என்ன? அந்நகரின் கழிவுநீர் கலந்து, தென்பெண்ணை வழியாக ஓசூர்க் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரை! அங்கே மென்பொருள், இங்கே நுரை! கன்னடத்துத் தோழர்மீது நமக்குக் காய்ச்சல் இல்லை. அவர்கள் வளர்ந்ததில் பொறாமையும் இல்லை. பக்கத்து ஊரில் விளக்கெரியும்போது நம் வீடு ஏன் இருட்டாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

நாம் வேண்டுவது மூன்று.

ஒன்று: கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் கணினி, படம் காட்டும் பெட்டியாக நிற்கலாகாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை, தமிழில் விளக்கம் கேட்டு, தன் கையால் ஒரு விளையாட்டையாவது எழுதிப் பார்க்க வேண்டும்.

இரண்டு: நிலமும் மின்சாரமும் சலுகையும் பெறும் தொழிற்சாலைகள், உருவமைக்கும் துறையையும் இங்கே அமைக்க வேண்டும். கூடு கடையும் பெண், இரண்டாண்டு கழித்து அந்தக் கூட்டை வரையும் மேசைக்கு ஏறிப்போகப் படிக்கட்டு வேண்டும். மாலை வகுப்பும் அதற்கான ஊதிய உயர்வும் வேண்டும்.

மூன்று: தமிழ்நாட்டில் பணம் வாங்கும் எந்தச் செயலியும், பணம் கேட்குமுன் தன் நிபந்தனைகளைத் தமிழில் சொல்ல வேண்டும். 'சம்மதம்' என்று விரல் வைக்கச் சொல்லும் இடத்தில், எதற்குச் சம்மதம் என்று மட்டும் புரியாத மொழியில் எழுதுவது வாணிபமா, வஞ்சனையா?

இவை பேராசையல்ல. கை படைத்தவர்களுக்குத் தலையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளச் சொல்வது பேராசையாகுமா?

கூட்டைக் கடைந்து கொடுத்த கைகளே! கடைந்தது போதாது. அந்தக் கூட்டுக்குள் இருந்து பேசப்போகும் குரலும் உங்கள் குரலாக வேண்டும். அதுவரை, பெட்டிமேல் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு யாரும் பெருமூச்சு விட வேண்டாம். பெயரை மாற்றி எழுதப் படியுங்கள்!